நோய் வராத என்னிடம் ஏன் இத்தனை கேள்வி?

குடமுருட்டி

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு கிரகப்பிரவேசம். மதியம் இலைச் சாப்பாடு. விளக்கு வைப்பதற்குள் பலருக்கு வாந்தி, பின்னாலேயே வயிற்றுப்போக்கு. சிலருக்கு டிரிப் ஏற்ற வேண்டியிருந்தது. இப்போது எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள், பயப்பட ஒன்றுமில்லை.

மறுநாள் காலை சுகாதாரத் துறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கூடவே ஒரு இளம் டாக்டரம்மா. எபிடெமியாலஜி, அதாவது நோய் எங்கிருந்து, எப்படிப் பரவுகிறது என்று கண்டுபிடிக்கும் துறையில் பயிற்சியில் இருக்கிறாராம். "எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அடுத்த வீட்டைப் பாருங்கள்" என்றேன். "உங்களைத்தான் சார் தேடிக்கிட்டு வந்தோம்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையாவது பந்தி, புலாவ் வாங்கினீர்களா, தயிர்ப் பச்சடி, பாயசம், கேன் தண்ணீரா குழாய்த் தண்ணீரா, பீடா போட்டீர்களா... என் மாமனாருக்குக் காது கேட்காது, அவரையும் விடவில்லை.

படுத்தவர்களைக் கேட்டால் நியாயம். நன்றாக இருக்கிறவனைப் போட்டு எதற்குக் குடைய வேண்டும்? மிச்சச் சாப்பாட்டை லேபுக்கு அனுப்பினால் வேலை முடிந்ததே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைசிப்பந்தி

அண்ணே, முதலில் மெனு முழுசாகப் போடுங்கள். அப்புறம் விவாதிக்கலாம்.

நோய்க்கணக்கு

நான் இந்தத் துறையில்தான் இருக்கிறேன். அந்த டாக்டரம்மா செய்தது மிகச் சரி.

1940 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணம், ஆஸ்வீகோ வட்டாரத்தில் ஒரு தேவாலய விருந்து. எபிடெமியாலஜி படிக்கும் பிள்ளைகளுக்கு ஆரம்ப வகுப்பில் கொடுக்கும் பழைய கணக்கு இது. விருந்துக்கு வந்தவர்களில் 75 பேரை விசாரித்தார்கள், 46 பேருக்கு நோய். அந்த 46 பேரில் 29 பேர் பன்றி இறைச்சி சாப்பிட்டிருந்தார்கள். படுத்தவர்களை மட்டும் கேட்டிருந்தால் 'இறைச்சிதான் கெட்டுப்போயிருக்கிறது' என்று ஊரே முடிவு கட்டியிருக்கும். ஆனால் இறைச்சி தின்றும் நோய் வராதவர்கள் இருந்தார்கள்; தொடாமலே படுத்தவர்களும் இருந்தார்கள். தின்றவர்களில் நூற்றுக்கு 63 பேருக்கு நோய், தின்னாதவர்களில் நூற்றுக்கு 59 பேருக்கு. இதை ஒரு வித்தியாசம் என்றே சொல்ல முடியாது.

அடுத்து வீட்டில் செய்த வெனிலா ஐஸ்கிரீமைப் பாருங்கள். சாப்பிட்ட 54 பேரில் 43 பேர் படுத்தார்கள். சாப்பிடாத 21 பேரில் 3 பேர்தான். இந்த 21 பேரை விசாரிக்காமல் விட்டிருந்தால் 43 என்ற எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது.

அதே விருந்தில் சாக்லேட் ஐஸ்கிரீமும் இருந்தது. அதைச் சாப்பிட்ட 47 பேரில் 25 பேருக்கு நோய், சாப்பிடாத 27 பேரில் 20 பேருக்கு நோய். ஒருவர் சாப்பிட்டாரா என்பதே நினைவில்லை என்றுவிட்டார். கணக்கை அப்படியே நம்பினால் சாக்லேட் ஐஸ்கிரீம் மருந்து மாதிரித் தெரியும்! சாக்லேட் எடுத்தவர்களில் பலர் வெனிலா பக்கம் போகவில்லை, விஷயம் அவ்வளவுதான். எங்கள் வேலையில் பாதி இந்த மாதிரிப் பொய்த் தோற்றங்களைப் பிரித்தெடுப்பது.

லேபைப் பற்றி: மிச்சம் இருந்தால்தானே அனுப்ப? பெரும்பாலும் நாங்கள் போய்ச் சேரும்போது அண்டா கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார்கள்.

குடமுருட்டி

அண்டா கழுவியது உண்மைதான். சமையல்காரர் மறுநாள் விடியற்காலையே அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

எதிர்க்கேள்வி

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதெல்லாம் நினைவை நம்பி நடக்கிற வேலை. நேற்று ராத்திரி என்ன பொரியல் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வாந்தி எடுத்தவன் உட்கார்ந்து யோசித்து ஒவ்வொன்றாகச் சொல்வான், நன்றாக இருப்பவன் 'எல்லாம் சாப்பிட்டேன்' என்று அனுப்பிவிடுவான். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால் என்ன கணக்கு வரும்? இந்த மாதிரிக் கணக்கை வைத்துத்தான் ஒரு வருஷம் காபி கெடுதல் என்கிறீர்கள், மறுவருஷம் காபி நல்லது என்கிறீர்கள்.

பழைய ஹெச்.ஐ.

தம்பி எதிர்க்கேள்வி, நினைவு தப்பும் என்பது சரி. அதனால்தான் நாங்கள் வாயை மட்டும் நம்புவதில்லை, கால் நடக்க வேண்டும்.

நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய காலத்து ஆள். வயிற்றுப்போக்கு என்று தகவல் வந்தால் முதலில் லைன் லிஸ்ட்: பெயர், வயது, கதவு எண், எப்போது ஆரம்பித்தது, எந்தத் தண்ணீர். அப்புறம் ஊர்ப் படத்தில் நோய் வந்த வீட்டுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி. கையோடு குளோரின் பார்க்க ஓ.டி. சொட்டு மருந்து. மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் மஞ்சளாக வரும். பிளீச்சிங் பவுடர் போட்டவர் அதைக் காட்டியே நம்மை அனுப்பிவிடப் பார்ப்பார். கடைக்கோடிக் குழாயில் பார்க்க வேண்டும். அங்கே நிறமே வராவிட்டால் நடுவில் எங்கேயோ கோளாறு.

ஒரு ஊரில் ஒரு சாரி முழுக்கச் சிவப்புப் புள்ளி, நடுவில் ஒரே ஒரு வீடு மட்டும் வெள்ளையாக நிற்கிறது. அந்த வீட்டில் சின்னக் குழந்தைகூட இருக்கிறது, யாருக்கும் ஒன்றுமில்லை. மறைக்கிறார்களோ என்றுதான் முதலில் நினைத்தோம், ஏனென்றால் எங்களைக் கண்டாலே 'எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம்' என்பார்கள். கடைசியில் பேச்சுக் கொடுத்தால் அந்த வீட்டு மாமியாருக்கு வீசிங். வெந்நீர்தான் குடிப்பார். தனியாக எதற்கு என்று மருமகள் வீட்டுக்கே ஒரு குண்டானில் காய்ச்சி வைத்துவிடுவார். அவ்வளவுதான், சாப்பாடு, ஈ, சந்தை எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குழாயைத் தோண்டினோம். சாக்கடைக்குள் முங்கிக் கிடந்த பைப்பில் ஜாயின்ட் விட்டிருந்தது. தண்ணீர் விடாத நேரத்தில் சாக்கடையை உள்ளே இழுத்திருக்கிறது.

படுத்த வீடுகள் எல்லாம் ஒரே மாதிரித்தான் பேசின. வழி காட்டியது படுக்காத அந்த ஒரு வீடுதான்.

தேம்ஸ்கரை

ஐயா சொன்ன வீட்டைப் படித்ததும் 1854 லண்டன் ஞாபகம் வந்தது. சோஹோ பகுதியில் காலரா, பிராட் தெரு அடிபம்புத் தண்ணீரால்தான் பரவுகிறது என்று டாக்டர் ஜான் ஸ்னோ அதன் கைப்பிடியைக் கழற்ற வைத்தார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. கழற்றுவதற்கு முன்பே நோய் இறங்கத் தொடங்கியிருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை.

எனக்குப் பிடித்தது அந்தத் தெரு மதுவடிப்பாலை. பம்புக்குப் பக்கத்திலேயே 70 பேர் வேலை செய்த இடம், காலராவில் ஒருவர்கூடச் சாகவில்லை. அவர்களுக்கு பீர் இலவசம், ஆலைக்குச் சொந்தக் கிணறு வேறு. தெரு பம்புத் தண்ணீரை அவர்கள் தொட்டதே இல்லை. பக்கத்தில் ஏழைகள் விடுதி ஒன்றில் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். சுற்றிலும் சாவு, உள்ளே இறந்தது 5 பேர்தான். அங்கேயும் தனிக் கிணறு. கெட்ட காற்றுதான் காலராவுக்குக் காரணம் என்று பெரிய மருத்துவர்களே நம்பிய காலம். அதே காற்றைத்தான் இவர்களும் மூச்சில் இழுத்தார்கள் என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

மறுபக்கம், ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு விதவை அம்மா. அங்கே காலராவே கிடையாது. ஆனால் அந்த அம்மாவுக்கு பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடிக்கும் என்று வண்டியில் வரவழைத்துக் குடித்திருக்கிறார். இறந்துவிட்டார்.

இப்போது அங்கே ஒரு பம்பு நினைவுச் சின்னமாக நிற்கிறது, கைப்பிடி இல்லாமல். பக்கத்திலேயே ஜான் ஸ்னோ பெயரில் ஒரு மதுக்கடை. மனிதர் வாழ்நாளில் பெரும்பகுதி குடிக்காதவர்!

கடைசிப்பந்தி

காலரா காலத்தில் பீர் குடித்தவன் பிழைத்தான் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

நோய்க்கணக்கு

எதிர்க்கேள்விக்கு: நீங்கள் சொன்னது எங்கள் துறையிலேயே பெரிய குற்றச்சாட்டு. நோய் வந்தவனின் நினைவும் வராதவனின் நினைவும் ஒரே தரமாக இருக்காது. இதற்கு ஒரு வழி, நோய் வருவதற்கு முன்பே கேட்டுவிடுவது.

1950இல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் இருவரும் லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளிகளையும் மற்ற நோயாளிகளையும் ஒப்பிட்டு, சிகரெட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதினார்கள். 'நோய் வந்தவன் பழியை எதன் மேலாவது போடுவான்' என்று பலர் ஒத்துக்கொள்ளவில்லை. சரி என்று 1951இல் பிரிட்டனின் மருத்துவர்கள் அனைவருக்கும் கடிதம் போட்டார்கள்: நீங்கள் புகைபிடிப்பவரா, எவ்வளவு? சுமார் 40,000 பேர் பதில் எழுதினார்கள். அப்புறம் காத்திருந்தார்கள். யார் எப்போது எதனால் இறக்கிறார்கள் என்பதைப் பதிவேட்டிலிருந்து எடுத்தார்கள். 1954லேயே முதல் விடை வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை, 50 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். 2004இல் கடைசி அறிக்கை: விடாமல் புகைபிடித்தவர்களுக்கு ஆயுளில் சராசரியாக 10 ஆண்டு குறைவு. அறிக்கையில் டாலின் பெயரும் உண்டு, அப்போது அவருக்கு வயது 91.

காபி விஷயத்தில் உங்கள் எரிச்சல் எனக்கும் உண்டு. பதப்படுத்திய இறைச்சி தினமும் 50 கிராம் தின்றால் குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை சொன்னது. செய்தியில் 18 மட்டும் வந்தது. எதிலிருந்து 18 என்று யாரும் போடவில்லை. சும்மா ஒரு கணக்குக்கு, நூறு பேரில் 5 பேருக்கு வரக்கூடிய நோய் என்று வைத்துக்கொண்டால், அது 6 ஆகும். அறிவியல் மாறியதைவிடத் தலைப்புச் செய்திதான் அதிகம் மாறுகிறது.

வேலூர் செல்வி

வராதவர்களைக் கேட்டதில் உயிர்கள் தப்பிய கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. பீகார், முசாபர்பூர். நான் குழந்தைகள் வார்டில் செவிலியர், அதனால் இந்த ஆய்வை விடாமல் படித்தேன்.

வருஷா வருஷம் மே, ஜூனில் குழந்தைகளுக்கு விடியற்காலையில் வலிப்பு, மயக்கம். முந்தின நாள் ஓடி விளையாடிய பிள்ளைகள். மூளைக்காய்ச்சல் என்றார்கள், வெயில் என்றார்கள், பூச்சிமருந்து என்றார்கள். பல குழந்தைகளுக்குக் காய்ச்சலே இல்லை. மழை விழுந்தால் அந்த வருஷத்துக்கு நின்றுவிடும். 2014இல் இரண்டு மருத்துவமனைகளில் மட்டும் 390 குழந்தைகள் சேர்ந்தார்கள், 122 பேர் இறந்தார்கள்.

அந்த ஆண்டு நம் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியும் சேர்ந்து, நோய் வந்த 104 குழந்தைகளையும் வராத 104 குழந்தைகளையும் வைத்து ஒப்பிட்டார்கள். இரண்டு விஷயம் தனியாகத் தெரிந்தது: முதல் நாள் லிச்சிப் பழம் தின்றது, ராத்திரிச் சாப்பாடு இல்லாமல் தூங்கியது. தோப்பிலேயே நாள் முழுக்கப் பழம் தின்றுவிட்டுப் பசியில்லை என்று படுத்த பிள்ளைகள். லிச்சியில் இருக்கும் ஒரு நச்சு, உடம்பு தானே சர்க்கரை தயாரிப்பதைத் தடுத்துவிடும். வயிற்றில் சோறு இருந்தால் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே மெலிந்த பிள்ளை வெறும் வயிற்றோடு தூங்கினால் விடியற்காலையில் ரத்தச் சர்க்கரை படுபாதாளத்துக்குப் போய்விடும். எங்கள் வேலூர் சி.எம்.சி.யில் இருந்த டாக்டர் ஜேக்கப் ஜான், முசாபர்பூர் குழந்தை மருத்துவர் அருண் ஷாவோடு சேர்ந்து இதே திசையில் அப்போதே எழுதிவந்தார். ஜமைக்காவில் ஆக்கி என்ற பழத்தால் இதே மாதிரி நோய் வருவது முன்பே தெரிந்த விஷயம்.

தீர்வு என்ன தெரியுமா? பிள்ளைகளை ராத்திரி சாப்பிடாமல் தூங்க விடாதீர்கள். வலிப்போடு வந்தால் உடனே சர்க்கரை பார், குளுக்கோஸ் ஏற்று.

எதிர்க்கேள்வி

செல்வி அக்கா, அப்புறமும் 2019இல் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்களே? பணக்கார வீட்டுப் பிள்ளையும் லிச்சி தின்கிறது, அதற்கு ஏன் வரவில்லை? நோயின் பெயர் பசி. பழத்தின் மேல் பழி போட்டதும் அரசாங்கத்துக்கு வசதியாகிவிட்டது.

இன்னொன்று. கொரோனா சமயத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். தெருவே எங்களைக் கண்டு கதவைச் சாத்தியது. உங்கள் சிவப்புப் புள்ளிகளுக்குப் பின்னால் குடும்பம் இருக்கிறது என்பதை யார் நினைக்கிறார்கள்?

வேலூர் செல்வி

முதல் கேள்வியில் நான் உங்கள் பக்கம்தான் தம்பி. ஆய்விலேயே ராத்திரிச் சாப்பாடு இல்லாதது ஒரு காரணமாக வந்திருக்கிறதே. அது பசியைத்தான் சொல்கிறது. 2019இல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்த்து குளுக்கோஸ் ஏற்றும் வசதியும் ஆளும் இருந்தனவா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. எண்ணிச் சொல்வது ஒரு வேலை, சொன்னதைச் செய்வது இன்னொருவர் வேலை.

சேத்துப்பட்டு

ஸ்டிக்கர் கொடுமைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் இதே துறைதான் நோயாளிகளைப் பூட்டிய இடத்திலிருந்து வெளியேயும் கொண்டுவந்தது. அது நடந்தது சென்னையில்.

1950களில் காசநோய் என்றால் சானடோரியம். குடும்பத்தை விட்டுப் போய் மாதக்கணக்கில் படுக்கை, நல்ல காற்று, முட்டை, பால். சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் ஆய்வு மையம் தொடங்கி, 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியம், மறுபாதிக்கு வீட்டிலேயே மாத்திரை. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான குடிசைகளில் இருந்தவர்கள், சாப்பாடும் குறைவு. 1959இல் முடிவு வந்தது: குணமானதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இங்கேயும் குடமுருட்டி அண்ணன் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நோயாளியோடு ஒரே அறையில் தூங்கிய, நோயில்லாத மனைவி மக்களைத்தான் 5 வருஷம் தொடர்ந்து பரிசோதித்தார்கள். வீட்டில் வைத்திருந்ததால் அவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவில்லை.

அதன் பிறகு சானடோரியம் முறை உலகம் முழுக்கப் படிப்படியாக ஒழிந்தது. இன்று வீட்டிலிருந்தபடியே காசநோய்க்கு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கதை தெரியாது.

வடமராட்சி

நல்லா இருக்கு உங்கட கதையள். எங்கட பக்கத்தையும் கொஞ்சம் சொல்லுறன்.

இலங்கையில் 1963ஆம் ஆண்டு நாடு முழுக்க மலேரியா 17 பேருக்குத்தான். முடிஞ்சுது என்று நினைச்சு மருந்தடிப்பையும் தேடுதலையும் தளர்த்தினார்கள். 1969இல் 5 லட்சத்துக்கும் மேல்! மறுபடி ஒழிக்க 40 வருஷத்துக்கு மேல் எடுத்தது, அதுவும் யுத்தத்துக்கு நடுவில். உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்ரோபரில். 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் தந்தது.

இப்பவும் மலேரியா தடை இயக்கம் வேலை செய்யுது. ஆபிரிக்கா, இந்தியா போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் இரத்தம் எடுத்துப் பார்ப்பினம். நுளம்பு (கொசு) இன்னும் இருக்குது, ஒட்டுண்ணிதான் இல்லை. "இல்லாத நோய்க்கு ஏன் சம்பளம்" என்று என்ர மச்சானே கேட்பான். 1963ஐத்தான் அவனுக்குச் சொல்லுறனான்.

டெங்கு என்றால் ஆஸ்பத்திரியில் இருந்து எச் 544 என்ற படிவம் எம்ஓஎச் (சுகாதார மருத்துவ அதிகாரி) ஒபிசுக்கு வரும், பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கு வந்து பூச்சாடி, பிரிட்ஜுக்குப் பின்பக்கத் தட்டு எல்லாம் பார்ப்பார். சனம் முணுமுணுக்கும். நுளம்புக் குடம்பி (கொசுப் புழு) கண்டால் வழக்கும் போடுவார்.

பழைய ஹெச்.ஐ.

பிரிட்ஜ் பின்பக்கத் தட்டு! இங்கேயும் அதேதான். யாரும் அதைக் கழற்றியே பார்த்திருக்க மாட்டார்கள்.

குடமுருட்டி

ஒரு தகவல். டாக்டரம்மாவிடம் போனில் பேசினேன். புலாவ் மேல்தான் சந்தேகமாம். விடிவதற்கு முன் வடித்து, பெரிய அண்டாவில் மூடி மதியம் வரை அப்படியே வைத்திருந்தார்கள். வாந்தி எடுத்தவர்களில் அநேகமாக எல்லோரும் புலாவ் சாப்பிட்டவர்கள். வெள்ளைச் சாதம் மட்டும் போதும் என்ற என்னைப் போன்றவர்களுக்கு ஒன்றுமில்லை. பாயசம், பச்சடி, தண்ணீர் எல்லாம் இரண்டு பக்கமும் சமமாக வந்துவிட்டனவாம். சாப்பிட்டு 3, 4 மணி நேரத்தில் வாந்தி தொடங்கியதும் அதற்குப் பொருந்துகிறது என்றார். வேகவைத்த சோறு சூடு ஆறாமல் நெடுநேரம் கிடந்தால் அதில் ஒரு கிருமி பெருகி நஞ்சை விடும், மறுபடி சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது என்றார். சாம்பிள் இல்லாததால் "உறுதி" என்று எழுத மாட்டார்களாம், "பெரும்பாலும்" என்றுதான் எழுதுவார்களாம். சமையல்காரர் பெயரோ வீட்டுக்காரர் பெயரோ அறிக்கையில் வராது என்றும் சொன்னார்.

எதிர்க்கேள்வி

"பெரும்பாலும்" என்று எழுதுகிற அரசாங்க ஆளை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அதற்காகவே பாராட்டலாம்.

பவானி

இழையை முழுக்கப் படித்தேன். என் மகள் பி.எஸ்சி. புள்ளியியல் கடைசி வருஷம். டாக்டருக்குப் படிக்காமல் இந்த வேலைக்கு வர முடியுமா?

நோய்க்கணக்கு

தாராளமாக வரலாம் அக்கா. எங்கள் குழுவில் மருத்துவர், கால்நடை மருத்துவர், பூச்சியியல் படித்தவர், புள்ளியியல்காரர் எல்லோரும் உண்டு. களத்தில் நோயாளியைப் பரிசோதிக்க மருத்துவர் வேண்டும். கேள்வித்தாள் தயாரிக்க, யாரை எத்தனை பேரைக் கேட்பது என்று முடிவு செய்ய, மேலே சொன்ன சாக்லேட் ஐஸ்கிரீம் மாதிரிக் குழப்பத்தைப் பிரிக்க உங்கள் மகள் மாதிரி ஆள்தான் வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் உயிர்ப்புள்ளியியல் எம்.எஸ்சி. இருக்கிறது. ஜிப்மர், திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா போன்ற இடங்களில் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பு உண்டு. தகுதி விதிகள் இடத்துக்கு இடம் மாறும், அந்தந்த நிறுவன அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சென்னை அயப்பாக்கத்தில் தேசிய எபிடெமியாலஜி நிறுவனம் இருக்கிறது, ஆய்வுத் திட்ட வேலைகளுக்கு அவ்வப்போது ஆள் எடுப்பார்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் பெரும்பகுதி நேரம், வயது எழுதாமல் விட்ட பதிவேடுகளைத் திருத்துவதிலேயே போகும்.

பவானி

அவள் அப்பாவின் கடைக் கணக்கையே அவள்தான் திருத்துகிறாள். நன்றி தம்பி, இன்றைக்கே விண்ணப்பத் தேதி பார்க்கச் சொல்கிறேன்.